ஊசியே இல்லாமல் விரலால் நூல் பின்னுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விரல் பின்னலில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். விரலில் இரண்டு நூல் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும். கீழே கிடப்பதைப் பிடித்துத் தூக்கி, மேலே கிடப்பதைத் தாண்டி, விரல் நுனிக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு ஊசியை வைத்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் செய்வதும் இதேதான், ஏற்கெனவே இருக்கிற கண்ணிக்குள்ளிருந்து, அதாவது நூல் வளையத்துக்குள்ளிருந்து, புதிதாக ஒரு கண்ணியை வெளியே எடுப்பது. இங்கே ஊசியின் இடத்தில் உங்கள் விரல் நிற்கிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த விரலுக்கு முன்னால், எந்த விரலுக்குப் பின்னால் என்று மனப்பாடம் செய்வதிலேயே பலருக்கும் கவனமெல்லாம் போய்விடுகிறது, நடுவில் ஒரு கண்ணி நழுவினால் என்ன செய்வதென்று தெரியாமல் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணிக்குள்ளிருந்து கண்ணி வருகிறது என்பது மனதில் பதிந்துவிட்டால் நழுவியதை நீங்களே பிடித்துவிடலாம், அகலத்தை மாற்றலாம், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம்.

குழந்தைகளுக்கும் இது நன்றாக வரும். 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளி முறையில் கைவேலை ஒரு பாடமாகவே இருக்கிறது, அங்கே குழந்தைகள் பலரும் பின்னல் ஊசியைத் தொடுவதற்கு முன்பு விரலில்தான் பழகுகிறார்கள். நான் என் அக்கா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோது அவளுக்கு ஆறு வயது. முதல் நாள் கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தாள், இரண்டாம் நாள் அவளே நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெரியவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாள் எந்தப் பொருளையும் செய்ய நினைக்காதீர்கள். ஒரு முழ நீளத்துக்குச் சும்மா பின்னிப் பாருங்கள், போதும்.

நூல் எப்படி இருக்க வேண்டும்

தடிமனாக, வழுவழுப்பாக, வெளிர் நிறத்தில், ஒரே நிறத்தில். முதல் நூலுக்கு இந்த நான்கையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தடிமன் ஏனென்றால் ஊசியோடு ஒப்பிட்டால் விரல் மிகவும் பெரியது, மெல்லிய நூலில் பின்னினால் கண்ணிகள் ஓட்டை ஓட்டையாகத் தொங்கி வலை மாதிரி ஆகிவிடும். வெளிர் நிறம் ஏனென்றால் கருப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் எது மேல் நூல், எது கீழ் நூல் என்று கண்ணுக்குத் தெரியாது. பல நிறம் கலந்த நூல் கடையில் பார்க்க ஆசையாக இருக்கும், புசுபுசுவென்று மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் தொட்டுப் பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் இரண்டுமே கண்ணியை மறைத்துவிடும். மயிர் உள்ள நூல் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பிரிப்பதும் கஷ்டம். அவற்றைக் கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நூல் லேபிளில் பெரும்பாலும் 0 முதல் 7 வரை ஓர் எண் போட்டிருக்கும், அது நூலின் தடிமனைச் சொல்கிறது: 0 மிக மெல்லியது, 7 கயிறு போலத் தடித்தது. விரல் பின்னலுக்கு 5 அல்லது 6 சரியாக இருக்கும். கையில் 4-ஆம் எண் நூல்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, இரண்டு கண்டிலிருந்து இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாக நினைத்துப் பின்னுங்கள், வேண்டுமானால் இரண்டும் வேறு வேறு நிறமாகக்கூட இருக்கட்டும், அழகாகவே வரும்.

கம்பளி நூல் இழுபடும், விட்டால் திரும்பச் சுருங்கும், அதனால் கையின் இறுக்கம் முன்னே பின்னே இருந்தாலும் அது தானே சரிசெய்துகொள்ளும். அக்ரிலிக் என்கிற செயற்கை நூலும் ஏறக்குறைய அப்படித்தான், துவைப்பதும் எளிது. பருத்தி நூல் இழுபடாது. நீங்கள் ஓர் இடத்தில் இறுக்கி ஓர் இடத்தில் தளர்த்தினால் அதை அப்படியே காட்டும், விரலையும் சீக்கிரம் வலிக்க வைக்கும், ஆகவே பருத்தியை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் வாங்கவே வேண்டாம் என்றால் பழைய டி-ஷர்ட் இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் தையல் இல்லாத, முன்னால் படம் அச்சடிக்காத பருத்தி டி-ஷர்ட்தான் நல்லது. அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி மேல் பாகத்தை எடுத்துவிடுங்கள், கீழ் விளிம்புத் தையலையும் வெட்டிவிடுங்கள். மீதி இருப்பது ஒரு குழாய். அதைத் தட்டையாக விரித்து, ஒரு பக்க மடிப்பிலிருந்து ஆரம்பித்து 2 அல்லது 3 செ.மீ. அகலப் பட்டைகளாகக் குறுக்கே வெட்டிக்கொண்டே போங்கள், ஆனால் எதிர்ப்பக்க மடிப்புக்கு 3 செ.மீ. முன்பாகவே ஒவ்வொரு வெட்டையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு வெட்டாமல் விட்ட அந்தப் பகுதியை விரித்து வைத்து, ஒரு பட்டையின் வெட்டிலிருந்து எதிரே இருக்கும் அடுத்த பட்டையின் வெட்டுக்குச் சாய்வாக வெட்டினால் எல்லாப் பட்டையும் தொடர்ந்து ஒரே நீள நாடாவாக வந்துவிடும். அந்த நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்தால் ஓரங்கள் உள்பக்கம் சுருண்டு உருண்டையான நூல் ஆகிவிடும். தரைவிரிப்பு, கூடை போன்றவற்றுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

கையை வைத்துக்கொள்வது

வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது கையில் நூலைச் சுற்றி வலது கையால் வேலை செய்யுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளலாம், முறையில் ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் நான் இடது வலது என்று சொல்லாமல் விரல் பெயரைத்தான் சொல்லப் போகிறேன். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

நூல் சுற்றும் கையின் உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கட்டும். இனி 'முன்னால்' என்றால் உள்ளங்கைப் பக்கம், 'பின்னால்' என்றால் புறங்கைப் பக்கம். நூலின் நுனியை ஒரு சாண் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நுனியை 'வால்' என்று சொல்கிறேன். இன்னொரு பக்கம் கண்டிலிருந்து வருவது 'கண்டு நூல்'. நூல்கண்டு மடியிலோ ஒரு கிண்ணத்திலோ இருக்கட்டும், தரையில் உருண்டு ஓடினால் நூல் இழுபட்டு கண்ணி இறுகும்.

முதல் சுற்றுகள்

கண்டு நூலை ஆள்காட்டி விரலுக்கு முன்னால், நடு விரலுக்குப் பின்னால், மோதிர விரலுக்கு முன்னால், சுண்டு விரலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். இப்போது சுண்டு விரலைச் சுற்றி நூலை முன்னால் கொண்டுவந்து திரும்புங்கள். திரும்பி வரும்போது மோதிர விரலுக்குப் பின்னால், நடு விரலுக்கு முன்னால், ஆள்காட்டி விரலுக்குப் பின்னால். போகும்போது முன்னால் போன விரலுக்கு வரும்போது பின்னால் வரும், பின்னால் போனதற்கு முன்னால் வரும். பாம்பு நெளிந்து போய் நெளிந்து திரும்புகிற மாதிரி. இப்போது கையைப் பாருங்கள், நான்கு விரலிலும் முன்பக்கம் ஒவ்வொரு நூல் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு விரலில் இல்லையென்றால் அந்த இடத்தில் முன் பின் மாறியிருக்கிறது, அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள், இப்போது சரிசெய்வது ஒரு நிமிட வேலை.

அந்த நூல்களை விரல்களின் அடிப்பக்கம் தள்ளி இறக்கிவிட்டு, அதற்கு மேலே இன்னொரு முறை அதே மாதிரி சுற்றுங்கள். ஆள்காட்டிக்கு முன்னால் தொடங்கி, போய், திரும்பி, ஆள்காட்டிக்குப் பின்னால் வந்து நிற்கும். இப்போது ஒவ்வொரு விரலிலும் முன்பக்கம் இரண்டு நூல், கீழே ஒன்று, மேலே ஒன்று. கண்டு நூலைக் கட்டை விரலுக்குள் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேல் நூல் தளர்ந்து நழுவும்.

சரி, இனிதான் பின்னல். சுண்டு விரலில் தொடங்குங்கள். கீழ் நூலை மற்றக் கையின் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, கொஞ்சம் முன்னால் இழுத்து, மேல் நூலைத் தாண்டித் தூக்கி, விரல் நுனிக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்னால் விட்டுவிடுங்கள். விரலைக் கொஞ்சம் மடக்கிக் கொடுத்தால் நூல் சுலபமாகத் தாண்டும். மேல் நூல் மட்டும் விரலில் இருக்கும். அடுத்து மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல், எல்லாவற்றுக்கும் இதேதான். கடைசியில் நான்கு விரலிலும் ஒவ்வொரு கண்ணி மிஞ்சும். அவற்றை அடிக்குத் தள்ளுங்கள். ஒரு வரிசை முடிந்தது.

இப்போது வாலைக் கட்டை விரலிலிருந்து விடுவித்து, ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே புறங்கைப் பக்கம் தள்ளிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையை மறந்தால் வால் அடுத்த வரிசைகளோடு கலந்து எது கண்டு நூல், எது வால் என்று குழப்பும்.

இனி திரும்பத் திரும்ப ஒரே வேலை: ஒரு முறை சுற்றுவது, நான்கு விரலிலும் கீழ் நூலைத் தாண்டவைப்பது, அடிக்குத் தள்ளுவது. நான்கைந்து வரிசைக்குப் பிறகு கையைத் திருப்பிப் புறங்கையைப் பாருங்கள். ஏணி மாதிரி அகலமாக, அங்கங்கே நூல் தொங்கிக்கொண்டு ஏதோ ஒன்று இருக்கும், பார்த்தால் தப்பாகிவிட்டதோ என்று தோன்றும். தப்பில்லை. வாலைப் பிடித்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள், அது எல்லாம் ஒன்றுகூடி உருண்டையான பின்னல் கயிறாக மாறும். நான் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது காத்திருப்பதே இந்த இடத்துக்காகத்தான், அந்த இழுப்பில் கயிறு தெரிந்தவுடன் யார் முகமும் மலர்ந்துவிடும். அதற்குப் பிறகும் நான்கைந்து வரிசைக்கு ஒரு முறை பின்னலைப் பிடித்து இப்படி இழுத்துவிட்டால் கண்ணிகள் ஒரே சீராக அமையும்.

இறுக்கம்

விரல் பின்னல் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான், நூலை இறுக்கிச் சுற்றுவது. கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் கை தானாகவே நூலை இழுக்கிறது. இறுக்கமான கண்ணியைத் தாண்டவைக்க அதிகம் கிள்ள வேண்டும், கிள்ளினால் அது இன்னும் இறுகும், பத்து வரிசையில் விரல் நுனி சிவந்துவிடும்.

சுற்றும்போது நூலை விரல் மேல் வைக்க மட்டும் செய்யுங்கள், இழுக்காதீர்கள். கண்ணிக்கும் விரலுக்கும் நடுவே மற்றக் கையின் ஒரு விரல் நுனி நுழைய வேண்டும், இதுதான் நான் வைத்திருக்கிற அளவு. விரல்களை விறைப்பாக விரித்து வைப்பதும் இறுக்கத்தைக் கூட்டும், ஒரு தம்ளரைப் பிடிக்கிற மாதிரி இலேசாக வளைந்திருக்கட்டும். விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்துப் போனாலோ உடனே நிறுத்திக் கண்ணிகளைக் கழற்றிவிட வேண்டும், வரிசை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மறுபக்கம், ரொம்பத் தளர்ந்து கண்ணிகள் தொங்குகின்றன என்றால் உங்கள் நூல் விரலுக்கு மெல்லியதாக இருக்கும். இழுத்துச் சுற்றி அதைச் சரிசெய்யப் பார்க்காமல் இன்னோர் இழையைச் சேருங்கள்.

பாதியில் எழுந்துபோக வேண்டுமென்றால்

ஒரு பென்சிலையோ உறிஞ்சுகுழலையோ எடுத்து, நான்கு கண்ணியையும் விரலிலிருந்து வரிசை மாறாமல் அதற்கு மாற்றிவிடுங்கள். ஆள்காட்டி விரலின் கண்ணி எந்தப் பக்கம் என்று நினைவு வைக்கத் தனியாக எதுவும் வேண்டாம், கண்டு நூல் எந்தக் கண்ணியிலிருந்து வருகிறதோ அதுதான் ஆள்காட்டி விரலுடையது. பென்சில் உருண்டு கண்ணி கழன்றுவிடும் என்று தோன்றினால் வேறு நிற நூல் துண்டு ஒன்றை நான்கு கண்ணிக்குள்ளும் கோத்து முனைகளை முடிந்துவிடுங்கள், பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். திரும்ப மாட்டும்போது கண்ணி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணி நழுவிவிட்டால்

பதற்றத்தில் வேறு எதையும் இழுக்காதீர்கள், அதுதான் முக்கியம். நழுவிய கண்ணி பெரும்பாலும் பின்னலின் மேல் விளிம்பிலேயே ஒரு சின்ன வளையமாக நின்றுகொண்டிருக்கும், அதை எடுத்து விரலில் மாட்டினால் முடிந்தது. அது இரண்டு மூன்று வரிசை கீழே இறங்கிவிட்டால், அந்த இடத்தில் ஏணிப்படி மாதிரிக் குறுக்கு நூல்கள் தெரியும். கீழே இருக்கும் வளையத்துக்குள் விரலை விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் குறுக்கு நூலைக் கொக்கி போட்டு வளையத்துக்குள்ளிருந்து வெளியே இழுங்கள், இப்போது இது புது வளையம். அடுத்த படிக்கும் இதேபோல. மேலே வந்து சேர்ந்ததும் விரலில் மாட்டிவிடலாம். குரோஷா ஊசி இருந்தால் இது இன்னும் சுலபம், இல்லாவிட்டால் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்தாலும் போதும். கண்ணிக்குள்ளிருந்து கண்ணி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, மீட்பதும் அதே வேலைதான்.

ஒரு விரலில் ஒரு நூல் மட்டும் இருக்கும்போது அதைத் தாண்டவைத்துவிடுவது இன்னொரு பொதுவான தவறு. தாண்டவைக்கும் முன்பு ஒவ்வொரு விரலிலும் இரண்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் இது நடக்காது. குழந்தைகளை 'இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு' என்று வாய்விட்டு எண்ணச் சொல்வேன்.

எல்லாமே சிக்கிவிட்டது, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாலும் நூல் வீணாகாது. கண்ணிகளை விரலிலிருந்து கழற்றிவிட்டுக் கண்டு நூலை இழுத்தால் சரசரவென்று தானே பிரிந்துகொண்டே போகும்.

சுற்றாமல் பின்னுகிற வேக முறை

கை பழகிய பிறகு இதை முயன்று பாருங்கள். முதல் வரிசையை மேலே சொன்னபடி போட்டு நான்கு கண்ணியும் தயாரானதும், நெளித்துச் சுற்றுவதை விட்டுவிட்டு, கண்டு நூலைப் புறங்கை வழியாகச் சுண்டு விரல் பக்கம் கொண்டுவந்து, அங்கிருந்து நான்கு விரலுக்கும் முன்னால், கண்ணிகளுக்கு மேலே நேராகப் போடுங்கள். ஒவ்வொரு விரலிலும் கீழ்க்கண்ணியைத் தூக்கி அந்த நூலைத் தாண்டவையுங்கள். அடுத்த வரிசைக்கு மறுபடி அதே திசையில் புறங்கை வழியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இப்படி ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் பின்னல் குழாய் ஆகும். புறங்கை வழியாகச் சுற்றாமல், போன வழியே முன்பக்கமாகத் திருப்பி எதிர்த்திசையில் போட்டால் பட்டை ஆகும், ஆனால் அந்தப் பட்டையும் முழுக்கத் தட்டையாக நிற்காது, ஓரங்கள் பின்பக்கம் சுருளும்.

நெளித்துச் சுற்றும் முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் நூல் போய்த் திரும்புவதால் பின்னல் கனமாக, உறுதியாக வரும், நூலும் அதிகம் பிடிக்கும். நேராகப் போடுகிற முறையில் இலேசாக, நெகிழ்வாக வரும். தரைவிரிப்புக்கு முதலாவது, கழுத்துத் துண்டுக்கு இரண்டாவது என்பது என் வழக்கம். ஒரே பொருளில் இரண்டையும் கலக்காதீர்கள், எங்கே மாற்றினீர்கள் என்று பளிச்சென்று தெரியும்.

அகலமும் உங்கள் கையில்தான். இரண்டு விரலில் மட்டும் பின்னினால் மெல்லிய வட்டக் கயிறு கிடைக்கும், கைக்கயிறு, சாவிக்கயிறு, பை இழுக்கும் கயிறு எல்லாவற்றுக்கும் அதுதான் பொருத்தம், சின்னக் குழந்தைக்கும் நான்கு விரலைவிட இரண்டு விரல் சுலபம். ஒரே விரலில் என்றால் சுருக்கு முடிச்சு ஒன்று போட்டு அதற்குள்ளிருந்து நூலை வளையமாக இழுத்து, அந்த வளையத்துக்குள்ளிருந்து அடுத்ததை இழுத்துக்கொண்டே போவது, குரோஷாவில் போடுகிற சங்கிலி அதேதான். அகலமான போர்வை மாதிரி வேண்டுமென்றால் மிகத் தடித்த 7-ஆம் எண் நூலை இரண்டு கையிலும் மாட்டிப் பின்னுகிற கைப்பின்னல் இருக்கிறது. அது தனிப் பயிற்சி.

முடிப்பது

வேண்டிய நீளம் வந்ததும் நான்கு விரலிலும் ஒவ்வொரு கண்ணி இருக்கிற நிலையில் நிறுத்துங்கள். கண்டு நூலை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். சுண்டு விரல் கண்ணியைக் கழற்றி மோதிர விரலில், அங்கே ஏற்கெனவே இருப்பதற்கு மேலே மாட்டுங்கள். மோதிர விரலில் இப்போது இரண்டு, கீழே இருப்பதைத் தாண்டவையுங்கள். மிஞ்சிய ஒன்றை நடு விரலுக்கு மாற்றி மறுபடி அதே வேலை, பிறகு ஆள்காட்டி விரலுக்கு. கடைசியில் ஆள்காட்டி விரலில் ஒரே ஒரு கண்ணி நிற்கும், வெட்டிய நுனியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். நுனியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, விரலை உருவிவிட்டு இழுத்து இறுக்குங்கள். இந்த முறையில் முனை அகலமாக, தட்டையாக நிற்கும், இரண்டு துண்டை இணைக்க இது வசதி.

முனை குவிந்து மூடியிருக்க வேண்டும் என்றால் இன்னும் சுலபம்: வெட்டிய நுனியை நான்கு கண்ணிக்குள்ளும் வரிசையாகக் கோத்துவிட்டு, கண்ணிகளை விரலிலிருந்து கழற்றி, சுருக்குப்பை வாயை இழுப்பது மாதிரி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

எந்த முறையானாலும் தொங்கும் நுனிகளை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், முடிச்சு அவிழ்ந்தால் பின்னல் முழுவதும் அவிழும். ஒரு மழுங்கிய ஊசியிலோ விரலாலோ நுனியைப் பின்னலுக்குள் ஏழெட்டுக் கண்ணி தூரத்துக்கு நுழைத்து, திசையை மாற்றி இன்னும் கொஞ்சம் நுழைத்து, அதற்குப் பிறகு மிஞ்சியதை வெட்டுங்கள்.

நடுவில் நூல் தீர்ந்துவிட்டால், பழைய நுனி ஒரு சாண் மிச்சம் இருக்கும்போதே புது நூலின் நுனியை அதோடு இரட்டை முடிச்சுப் போட்டுத் தொடருங்கள். முடிச்சு பின்பக்கம் விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டால் வெளியே தெரியாது, நுனிகளைப் பிறகு உள்ளே நுழைத்துவிடலாம். நிறம் மாற்றுவதற்கும் இதே வழிதான், வரிசையின் தொடக்கத்தில் மாற்றினால் சுத்தமாக வரும்.

எவ்வளவு நூல் வேண்டும்

இதற்குப் பொதுவான கணக்கு ஒன்று சொல்ல முடியாது, உங்கள் விரலின் பருமனும் நூலின் தடிமனும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. நீங்களே கண்டுபிடிப்பது சுலபம். 10 செ.மீ. நீளம் பின்னிப் பிரித்துவிட்டு, அந்த நூலை அளந்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் நீளம் வேண்டுமென்றால் அதைப் போல 15 மடங்கு, கூடவே முனைகளுக்குக் கொஞ்சம். லேபிளில் கண்டின் மொத்த நீளம் மீட்டரில் இருக்கும், அதோடு ஒப்பிட்டு எத்தனை கண்டு என்று முடிவு செய்யலாம். ஒரே நிறம் பல கண்டு வாங்கும்போது லேபிளில் உள்ள சாயத்தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், எண் மாறினால் நிறத்தில் ஒரு மெல்லிய வேறுபாடு வரும், கடையில் தெரியாது, பின்னி முடித்து வெளிச்சத்தில் விரித்தால் தெரியும்.

என்ன செய்யலாம்

தலைப்பட்டை முதல் பொருளாக நன்றாக இருக்கும். தலையின் சுற்றளவை அளந்து, அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாகப் பின்னுங்கள், பின்னல் நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டு முனையையும் வாலாலேயே தைத்து இணைத்தால் போதும். இன்னும் அழகாக வேண்டுமென்றால் மூன்று கயிறு பின்னிச் சடை போடுங்கள், சடை போட்டால் நீளம் குறையும் என்பதால் ஒவ்வொரு கயிற்றையும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே பின்னி வையுங்கள்.

சுருட்டித் தைக்கும் வேலைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. நீளமான கயிற்றைப் பாய் சுருட்டுகிற மாதிரி நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு அதே நூலால் தையுங்கள்; சின்னதாக நிறுத்தினால் டம்ளர் வைக்கும் வட்டு, பெரிதாகப் போனால் தரைவிரிப்பு. மேஜை மேல் தட்டையாக வைத்துக்கொண்டே தைக்க வேண்டும், கையில் தூக்கி வைத்துத் தைத்தால் கயிறு இழுபடும். கயிறு இழுபட்டால் வட்டம் கிண்ணம் மாதிரி மேலே குவியும், கயிறு தளர்ந்தால் ஓரம் அலை அலையாக நெளியும். குவிய ஆரம்பித்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்துத் தளர்த்தித் தையுங்கள், தானே சரியாகும் என்று விட்டுவிட்டால் அடுத்த சுற்றில் இன்னும் மோசமாகும். கூடையே வேண்டும் என்றால் வேண்டுமென்றே இழுத்துத் தைத்துக் குவியவிடலாம். சூடான பாத்திரம் வைக்கிற வட்டுக்கு மட்டும் அக்ரிலிக் வேண்டாம், சூட்டில் உருகும். பருத்தி அல்லது கம்பளிதான்.

இரண்டு விரல் கயிற்றுக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து வளைத்தால் எழுத்துகள் செய்யலாம், குழந்தையின் பெயரை அப்படிச் செய்து சுவரில் மாட்டலாம். கம்பியின் இரண்டு முனையையும் இடுக்கியால் மடக்கிவிடுங்கள், குத்தாது, நூலிலும் மாட்டாது.

குழந்தைகள் இருக்கும் இடத்தில்

இந்தக் கயிறு நீளமானது, நெகிழ்வது, இழுத்தால் இறுகும். குழந்தைகள் செய்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட ஆசைப்படுவார்கள், விடாதீர்கள், எங்கேயாவது மாட்டி இழுத்தால் பெரிய ஆபத்து. கைக்குழந்தையின் தொட்டிலிலோ கைக்கெட்டும் தூரத்திலோ நீளக் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. சின்னக் குழந்தை பின்னும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, விரலில் கண்ணி இறுகுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் பின்னிக்கொண்டே இருப்பார்கள்.

துவைத்து வைப்பது

கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டித் துணி ஆகிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. குளிர்ந்த நீரில் கொஞ்சம் சோப்பு போட்டு ஊறவைத்து, அலசி, முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். அக்ரிலிக், பருத்தி இரண்டையும் வலைப்பையில் போட்டு இயந்திரத்தில் துவைக்கலாம். எதுவானாலும் கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். தட்டையாக விரித்துப் போட்டு, கையால் வடிவத்தைச் சரிசெய்துவிட்டு, அப்படியே காயவிடுங்கள்.